தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம்?

இரு நகரங்களுக்கு இடையிலான வான்தூரம் என்று அட்டவணைகளில் அச்சாகும் எண், விமானத்துக்கு வழி வகுத்துக் கொடுக்கும் மேசையில் இருப்பவர்களுக்கு மிகக் குறைவாகவே பயன்படும் எண்களுள் ஒன்று. தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அந்த எண் ஏறத்தாழ 12,370 கிலோமீட்டர். ஆனால், இவ்விரு நகரங்களையும் இடைநில்லாமல் இணைக்கும் பயணிகள் விமானம் அந்தக் கோட்டை முழுமையாகப் பின்பற்றுவதில்லை. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா இச்சேவையைத் தொடங்கியபோது அட்லாண்டிக் பெருங்கடல் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்தது. மறு ஆண்டு அக்டோபரில் வழியைப் பசிபிக் பக்கம் திருப்பியபோது பறந்த தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டராக உயர்ந்தது. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியும் பயண நேரம் கூடாமல், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணியில் வந்து நின்றது. செய்தித்தாள்கள் இதைப் புதுமையாக எழுதின. இத்தொழிலில் பழகியவர்களுக்கோ அது அன்றாடக் கணக்கு.

அந்தக் கணக்கைப் போடுபவர் டிஸ்பேட்சர் எனப்படுகிறார். விமானம் எந்த வழியில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளுடன் செல்ல வேண்டும் என்பதைத் தரையிலிருந்து வகுத்து, தலைமை விமானியிடம் ஒப்படைத்து, விமானம் இறங்கும்வரை கண்காணிப்பது அவர் பொறுப்பு. அவர் வகுக்கும் பறப்புத் திட்டத்தை விமானியும் ஏற்றுக் கையொப்பமிட்ட பின்னரே விமானம் நகரும். பயணிகள் கண்ணில் படாத வேலை இது. விமான நிலையத்தில் சீருடையுடன் நடப்பவர்களுள் டிஸ்பேட்சரைக் கண்டுகொள்பவர் அரிது.

1980-களின் பிற்பகுதியில் இத்தொழிலுக்கு வந்தவர்களுக்கு அளிக்கப்பட்ட முதற்பாடம் ஓர் உலக உருண்டையும் ஒரு நூலுமே. தட்டையான நிலப்படத்தில் தில்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் அடிக்கோலால் இணைத்தால் கோடு சீனா, ஜப்பான் வழியாகப் பசிபிக்கைக் கடக்கும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ அது தில்லியிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கிக் கிளம்பி, இமயத்தையும் திபெத்தையும் தாண்டி, சைபீரியாவின் மேல் ஏறி, வட அட்சம் 75 பாகையைத் தொட்டு, ஆர்க்டிக் கடலைக் கடந்து, அலாஸ்கா பக்கமாக இறங்கும். உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய இந்தப் பாதைக்குப் பெருவட்டம் என்று பெயர். தீர்க்கரேகைக் கணக்கில் இவ்விரு நகரங்களும் 160 பாகை விலகி, பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் பெருவட்டம் துருவத்தை நெருங்குகிறது. இதே காரணத்தால்தான் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அமெரிக்க மேற்குக் கரையை அடைந்துவிடலாம் என்ற, பெரும்பாலான நகர இணைகளுக்கு வாய்க்காத விந்தை இந்த வழித்தடத்துக்கு வாய்த்திருக்கிறது. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அப்படி ஒரு தேர்வு எழுவதே இல்லை.

நூல் காட்டும் வழியில் முதல் தடை இமயமும் அதற்கு அப்பாலுள்ள திபெத்தியப் பீடபூமியும். பயணிகள் விமானம் 10 அல்லது 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது 8,849 மீட்டர் எவரெஸ்ட் அதற்குத் தடையாக நிற்பதில்லை என்பது உண்மை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விமானத்தின் உள்ளழுத்தம் திடீரெனக் குறைந்தால், தலைக்கு மேலிருந்து விழும் முகமூடிகளில் வரும் உயிர்வளி விமானத்தின் அமைப்பைப் பொறுத்துப் பெரும்பாலும் 12 முதல் 22 நிமிடம் வரைதான் நீடிக்கும். அதற்குள் விமானம் 10,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். திபெத்திலோ தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இறங்கி மூச்சுவிட இடமில்லாத நிலப்பரப்பு பல நூறு கிலோமீட்டர் நீள்வதால், அதன்மேல் வழி வகுப்பவர் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரு தப்புவழியைக் குறித்துத் தர வேண்டும். கூடுதல் உயிர்வளிக் கலன்களை ஏற்ற வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அந்தத் தொல்லையை விட்டு, மேற்கே ஆப்கானிஸ்தான் பக்கமாகவோ கிழக்கே மியான்மர் பக்கமாகவோ ஒதுங்கிவிடுகின்றன. தில்லியில் வேலை கற்ற டிஸ்பேட்சர்கள் மலையை உயரமாகப் பார்ப்பதைவிட அகலமாகப் பார்க்கப் பழகியவர்கள்.

அடுத்தது காற்று. ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் குறுகிய பட்டையாக ஓடும் கடும் காற்றோட்டத்துக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். அதை முதலில் அளந்து பதிவு செய்தவர், 1920-களில் தத்தெனோ என்னும் ஊரில் பலூன்களைப் பறக்கவிட்டுப் பார்த்த ஜப்பானிய வானிலையாளர் வாசபுரோ ஓயிஷி. உலகெங்கும் படிக்கப்பட வேண்டுமென்று அவர் தம் முடிவுகளை எஸ்பராந்தோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே உலகில் அநேகமாக ஒருவரும் அவற்றைப் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான்மீது குண்டு வீசச் சென்ற அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் தடுமாறிய பிறகே அது மேற்குலகில் பரவலாக உணரப்பட்டது. குளிர்காலத்தில் இக்காற்று மிகக் கடுமையாக வீசும் இடங்களுள் ஜப்பானின் வான்வெளியும் ஒன்று. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது அங்கே அரிதன்று.

விமானம் தரையை அளந்து பறப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஊடுருவியே பறக்கிறது. வெள்ளம் பெருகிய ஆற்றில் பரிசல் போகும் வேகத்தைக் கரையிலிருந்து பார்ப்பவர் ஒன்றாகவும் துடுப்புப் போடுபவர் வேறொன்றாகவும் உணர்வதைப் போல, விமானத்துக்கும் காற்றுவேகம், தரைவேகம் என இரண்டு வேகங்கள் உண்டு. போயிங் 777 வகை விமானத்தின் காற்றுவேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். 15,300 கிலோமீட்டரைப் பதினான்கரை மணியில் கடந்தது என்றால் அதன் சராசரித் தரைவேகம் 1,055 கிலோமீட்டர். ஆகவே வழிநெடுகச் சராசரியாக 155 கிலோமீட்டர் வேகப் பின்காற்று அதைத் தள்ளியிருக்க வேண்டும். காற்றுக்குள் விமானம் உண்மையில் ஊடுருவிய தொலைவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர்தான் வரும். மாறாக, அட்லாண்டிக் வழியில் மேற்கு நோக்கிச் செல்லும்போது மெல்லிய எதிர்க்காற்று வீசினாலும் 13,900 கிலோமீட்டர் தரைத்தூரம் காற்றில் 14,000-த்தைத் தாண்டிவிடுகிறது. இந்த இரண்டாம் தூரத்துக்குக் காற்றுத்தூரம் என்று பெயர். எரிபொருள் செலவும் பயண நேரமும் இதையே பின்பற்றுகின்றன. டிஸ்பேட்சர் இரு வழிகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இந்தத் தத்துவத்தை எல்லை வரை இழுத்துக் காட்டிய பறப்பு 2005 நவம்பரில் நடந்தது. போயிங் 777-200எல்ஆர் என்னும் நெடுந்தொலைவு விமானத்தின் சோதனையாக ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஒன்று, வழக்கமான மேற்குத் திசையை விட்டுக் கிழக்கே கிளம்பி, பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று பாதி உலகுக்கு மேல் சுற்றி, 21,602 கிலோமீட்டரை 22 மணி 42 நிமிடத்தில் கடந்தது. பின்னர் தில்லி–சான் பிரான்சிஸ்கோ தடத்தில் ஏர் இந்தியா பயன்படுத்தியதும் இதே வகை விமானம்தான்.

கையால் திட்டம் வகுத்த காலத்தை நினைவுகூரும் மூத்தவர்கள், வானிலைத் துறையிலிருந்து வரும் உயர்காற்று வரைபடங்களைப் பெரிய மேசையில் விரித்து, வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் காற்றின் திசையையும் வேகத்தையும் கண்ணால் மதிப்பிட்டு எழுதியதைச் சொல்வதுண்டு. ஒரு வழிக்குத் திட்டம் போட்டு முடிப்பதற்குள் பாதிப் பணிநேரம் கரைந்துவிடும் என்பதால், இரண்டாவது வழியைச் சோதிக்கும் ஆசையே பலருக்கு எழாது. கணினி வந்த பிறகு நிலைமை தலைகீழானது. லண்டன், வாஷிங்டன் என்னும் பெயர்களில் இயங்கும் உலகப் பகுதி முன்னறிவிப்பு மையங்கள் ஆறு மணிக்கொருமுறை வெளியிடும் காற்றுத் தரவுகளை விழுங்கிக்கொண்டு, கணினி சில நொடிகளில் பல வழிகளை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. வேலை எளிதாகிவிட்டது என்று வெளியார் எண்ணலாம். கணக்குப் போடும் வேலை எளிதானது உண்மை. கணினி முதலிடத்தில் வைத்த வழியை ஏற்கலாமா என்று முடிவு செய்யும் வேலை கடினமாயிற்று.

அந்தக் கடினம் எத்தகையது என்பதற்கு, இக்கட்டுரையாளர் பணியாற்றிய மேசையில் ஒரு குளிர்கால இரவில் நடந்ததைக் குறிப்பிடலாம். நெடுந்தொலைவு விமானம் ஒன்றுக்குக் கணினி இரண்டு வழிகளைக் காட்டியது: வடக்கு வழி எரிபொருளை மிச்சப்படுத்தியது, தெற்கு வழியில் சில நிமிடம் கூடுதலாக ஆகும். இளையவர் வடக்கு வழியைத் தேர்ந்து அச்செடுக்கப் போனார். மூத்தவர் ஒருவர் நோட்டம் தாள்களை, அதாவது ஓடுபாதை மூடல், விளக்குப் பழுது, வான்வெளித் தடை போன்றவற்றை அந்தந்த நாடுகள் விமானிகளுக்கு அறிவிக்கும் குறிப்புகளை எடுத்து வைத்து, வடக்கு வழியை நம்பியிருந்த அவசர இறங்குதளங்களுள் ஒன்றில் பனி அகற்றும் பணிக்காக ஓடுபாதை நள்ளிரவு முதல் மூடப்படும் என்ற ஒற்றை வரியைச் சுட்டினார். அத்தளம் நீங்கினால் வழி சட்டப்படி செல்லாது. அச்சுப்பொறியிலிருந்து தெற்கு வழித்திட்டமே வெளிவந்தது. சரக்குப் பகுதியில் கொஞ்சம் எடை குறைக்கும்படி ஏற்றுமதிப் பிரிவுக்குத் தொலைபேசி போயிற்று.

எடையைக் குறைக்கச் சொன்னது ஏன் என்பதும் விளக்கத்துக்குரியது. நெடும்பயணத்தில் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. பதினைந்து மணி நேரப் பறப்பில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன் எரிபொருளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதைச் சுமந்து செல்வதிலேயே எரிந்துபோகும். 777-200எல்ஆர் விமானம் தரையை விட்டு எழும்போது இருக்கக்கூடிய உச்ச எடை ஏறத்தாழ 347 டன். மணிக்கு 9,600 லிட்டர் அளவில் எரியும் எரிபொருள் மட்டுமே அதில் நூறு டன்னுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எதிர்க்காற்று கடுமையாகி எரிபொருள் தேவை கூடினால், இடம் விட வேண்டியது சரக்கு. சரக்கு தீர்ந்துவிட்டால் பயணிகள். தில்லியின் கோடை இதை மேலும் இறுக்குகிறது. 43, 44 பாகை வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைந்து, எஞ்சினின் உந்துதலும் இறக்கையின் தூக்கும் திறனும் ஒருசேர இறங்கிவிடுவதால், நண்பகலில் எழும்ப முடியாத எடையுடன் விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பிவிடலாம். நெடுந்தொலைவு விமானங்கள் பயணிகளை நள்ளிரவில் விழிக்கவைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இதையும் அவற்றுள் சேர்க்க வேண்டும்.

மேற்சொன்ன அவசர இறங்குதளங்களின் கதை இத்தொழில் கண்ட மாற்றங்களுள் மிகப் பெரியது. இரண்டே எஞ்சின் கொண்ட விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றொன்றின் துணையுடன் 60 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையத்தை விட்டு விலகக் கூடாது என்று 1953-இல் அமெரிக்கா விதி வகுத்தது. அக்காலத்துப் பிஸ்டன் எஞ்சின்களின் நம்பகம் அவ்வளவுதான். ஜெட் எஞ்சின்கள் தங்கள் உறுதியை மெய்ப்பித்த பின், 1985-இல் இது 120 நிமிடமாகவும், 1988-இல் 180 நிமிடமாகவும் தளர்த்தப்பட்டது. ஈடாப்ஸ் என்று விமானத் தொழிலில் வழங்கும் அனுமதிமுறை இதுவே. 2011-இல் 777 வகையின் நெடுந்தொலைவு விமானங்களுக்கு 330 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. நான்கு எஞ்சின் விமானங்கள் பெருங்கடல்களை ஆண்ட காலம் முடிந்ததற்கு எரிபொருள் விலையுடன் இந்த நிமிடக் கணக்கும் காரணம். வரைபடத்தில் ஒவ்வோர் இறங்குதளத்தையும் மையமாக வைத்து வட்டங்கள் வரைந்தால், வட்டங்களுக்கு வெளியே கிடக்கும் பகுதி பறக்கத் தகாத பகுதி. நிமிடம் கூடக் கூட அப்பகுதி சுருங்கி, வட பசிபிக்கும் ஆர்க்டிக்கும் திறந்துகொண்டன.

காகிதத்தில் வட்டத்தின் மையமாக இருக்கும் ஊர் நிஜத்தில் எப்படியிருக்கும் என்பதை 2023 ஜூனில் உலகம் பார்த்தது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற 777 ஒன்று, ஓர் எஞ்சினில் எழுந்த கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரகிழக்கிலுள்ள மகதான் நகரில் இறங்கியது. 216 பயணிகள் பள்ளிக்கூடம் உள்ளிட்ட இடங்களில் தங்கவைக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து சென்ற மாற்று விமானத்தில் இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டனர். விமானம் பாதுகாப்பாக இறங்கியது என்ற வகையில் ஏற்பாடு தன் வேலையைச் செய்தது. இறங்கிய பின் என்ன என்பதற்கு ஓடுபாதையின் நீளம் மட்டும் விடை சொல்லாது. படுக்கை, உணவு, மருந்து, விசா, குளிருக்கு ஏற்ற துணி என்று நீளும் பட்டியலைத் திட்டமேசை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். துருவப் பகுதியைக் கடக்கும் விமானங்களில் கடுங்குளிர் உடைகள் குறைந்தது இரண்டு தொகுதி இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்பது, கதவைத் திறந்து வெளியே போய் நிலைமையைப் பார்த்து வரும் ஊழியருக்காக.

இந்திய நிறுவனங்களில் ஏர் இந்தியா முதன்முதலாகத் துருவ வழியைப் பயன்படுத்தியது 2019 ஆகஸ்டு 15 அன்று, தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத்தான். 2021 ஜனவரியில் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தைக் கடந்து பெங்களூரு வந்து சேர்ந்தது. இவ்விரு நகரங்களுக்கு இடையிலான நேர்த்தூரம் 13,993 கிலோமீட்டர். துருவ வழி டிஸ்பேட்சருக்குப் புதிய கவலைகளைக் கொண்டுவந்தது. முதற்கவலை எரிபொருளின் உறைநிலை. இந்தியாவில் ஏற்றப்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் உறையத் தொடங்குவது கழித்தல் 47 பாகை செல்சியஸில். அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ எரிபொருளுக்கு அந்த எல்லை கழித்தல் 40. ஒரே விமானம், ஒரே வழி என்றாலும், திரும்பி வரும்போது தொட்டியில் இருக்கும் எரிபொருள் ஏழு பாகை முன்னதாகவே கெட்டிப்படத் தொடங்கும் என்பதால், போகும்போது செல்லத் தகுந்த உயரம் வரும்போது தகாமல் போகலாம். எரிபொருள் மிகக் குளிர்ந்தால் விமானி கீழே இறங்கிச் சற்று வெம்மையான காற்றைத் தேடுவார். அல்லது வேகத்தைக் கூட்டுவார், ஏனெனில் வேகம் கூடினால் இறக்கையின் தோலில் காற்று அழுந்தி வெப்பம் சிறிது ஏறும். இரண்டுமே கூடுதல் எரிபொருளைக் கேட்கும். இரண்டாவது கவலை சூரியன். நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை 82 பாகைக்கு வடக்கே எட்ட முடியாத நிலையில் விமானம் பழைய உயரலை வானொலியை நம்ப வேண்டியிருக்கிறது. சூரியப் புயல் எழும் நாளில் அதுவும் செத்துவிடும். வானிலை அறிக்கையுடன் விண்வெளி வானிலை அறிக்கையையும் படிக்க வேண்டிய நாள் வரும் என்று உருண்டையும் நூலுமாகத் தொடங்கிய தலைமுறை நினைத்திருக்காது.

மலையும் காற்றும் குளிரும் எத்தனை கடுமையானவை என்றாலும் கணக்குக்குள் அடங்குபவை. அடங்காதது எல்லைக்கோடு. 1944-இன் சிகாகோ உடன்பாட்டின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனித்த இறையாண்மை உண்டு என்கிறது. இறங்காமல் மேலே கடந்து செல்வதற்குக்கூட அந்நாட்டின் இசைவு தேவை. அந்த இசைவைப் பொதுவாக வழங்கும் துணை உடன்பாட்டில் ரஷ்யாவும் சீனாவும் சேரவில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி, ஜூலை 16 வரை முழுமையாகத் திறக்காமல் வைத்திருந்தபோது, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் குஜராத் பக்கம் இறங்கி அரபிக்கடலைச் சுற்றிப் போயின. அமெரிக்கா செல்பவை வழியில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டன. அந்த ஐந்து மாதங்களில், ஆண்டுக்கணக்கில் பழகிய வழித்தடங்கள் கணினியின் நினைவிலிருந்து நீக்கப்பட்டு, ஒவ்வொரு நாளும் திட்டம் புதிதாகப் பிறந்தது.

2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்யா மேற்கு நாடுகளின் விமானங்களுக்குக் கதவடைத்தது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சைபீரியாவின் மேலாக ஒன்பதரை மணியில் பறந்த ஃபின்லாந்து நாட்டு விமானம் துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி பறக்க வேண்டியதாயிற்று. சான் பிரான்சிஸ்கோவுக்கும் தில்லிக்கும் விமானம் விட்டுக்கொண்டிருந்த அமெரிக்க நிறுவனம் அச்சேவையையே நிறுத்தியது. இந்திய விமானத்துக்குச் சைபீரியா தொடர்ந்து திறந்திருந்ததால், ஒரே நகர இணைக்கு ஒரு நாட்டு விமானம் பறக்க, மற்றொரு நாட்டு விமானம் பறக்க முடியாத நிலை உருவாயிற்று. இரு நகரங்களுக்கு இடையிலான தூரம் விமானத்தின் வாலில் வரைந்த கொடியைப் பொறுத்து மாறும் என்பதை அதற்கு முன் இத்தனை வெளிப்படையாகக் கண்டவர் இல்லை எனலாம்.

2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மீண்டும் வான்வெளியை மூடியது. ஆறு நாள் கழித்து இந்தியாவும் அவ்வாறே செய்தது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் செல்லும் தில்லி விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக நின்றன; தில்லி–வாஷிங்டன் சேவை செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவுக்கு மட்டும் கிழக்கு வழி என்ற மாற்று கையில் இருந்தது. மியான்மர், சீனா, ஜப்பான் வழியாகப் பசிபிக்கை அடையும் அந்த வழி பாகிஸ்தானைத் தொடுவதே இல்லை. ஆனால், திரும்பும் பயணத்தில் அதே வழி முழு எதிர்க்காற்றில் விழும். போவது எளிதாகவும் வருவது கடினமாகவும் இருக்கும் வழித்தடத்தில், இருபுறமும் ஒரே அளவு சரக்கை விற்க முடியாது என்பதை வணிகப் பிரிவினருக்கு விளங்கவைப்பது திட்டமேசையின் ஓயாத வேலை.

இத்தனைக்குப் பின்னும் பயணச்சீட்டில் ஒற்றை எண் அச்சாகிறது. அது பறக்கும் நேரம் அன்று. புறப்படும் இடத்தில் சக்கரத்தடைக் கட்டையை எடுப்பது முதல் சேரும் இடத்தில் கட்டையை வைப்பது வரையிலான நேரம். அதற்குப் பிளாக் நேரம் என்று பெயர். ஒரு பருவத்தின் காற்றுப் புள்ளிவிவரங்களை வைத்து, பெரும்பாலான நாட்களில் தவறாத அளவுக்குச் சற்றுத் தாராளமாகவே அது வகுக்கப்படுகிறது. அதனால்தான் விமானம் முக்கால் மணி முன்னதாக இறங்கிவிட்டது என்ற மகிழ்ச்சி அறிவிப்பு குளிர்காலத்தில் அடிக்கடி கேட்கிறது. முன்னதாக வந்தாலும் உடனே இறங்கலாம் என்பதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் இணையான இரு இறங்கு ஓடுபாதைகளுக்கு இடையே 750 அடிதான் இடைவெளி என்பதால், கோடைக் காலையில் கடல்மேகம் தாழ்ந்து படியும் நாட்களில் இரண்டிலும் பக்கம்பக்கமாக இறங்கவிட முடியாமல் இறங்கும் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். தில்லியில் டிசம்பர், ஜனவரி மூடுபனி அதற்குச் சளைத்ததன்று. பதினைந்து மணி நேரம் பறந்து வந்த விமானத்துக்கு வானில் வட்டமிட அரை மணி எரிபொருளும், ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திரும்ப எரிபொருளும் தேவை என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கணித்து ஏற்றியிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். பெங்களூரைவிடச் சற்றுக் குறைவு. நேரடிச் சேவை இல்லாததால் தமிழ்நாட்டுப் பயணிகள் தில்லி, துபாய், ஃபிராங்க்ஃபர்ட், சிங்கப்பூர் என ஏதேனும் ஒரு முனையில் மாறுகிறார்கள். அவர்களுள் பலர் நிலப்படத்தைப் பார்த்துத் தூரம் குறைவான முனையைத் தேர்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் போகும்போது சிங்கப்பூர், ஹாங்காங், டோக்கியோ போன்ற கிழக்கு முனைகளும், வரும்போது ஐரோப்பிய முனைகளும் பின்காற்றைத் தரும். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ தடத்தின் அட்டவணையிலேயே போகும் நேரத்தைவிட வரும் நேரம் ஒரு மணிக்கு மேல் கூடுதலாக இருப்பதைக் காணலாம். முன்பதிவு செய்பவர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டு, தாம் செல்லும் மாதத்துக்குரிய பிளாக் நேரத்தை இரு திசைகளிலும் தனித்தனியே பார்த்து, மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சீட்டு வாங்குவது நல்லது.